கீழே வராத பந்து

வில்லோ பென்ட் அணி எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் உதைத்த பந்து, கோதுமை விலை சரிந்த தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அக்டோபரில்தான் கீழே இறங்கியது.

கையில் பிடித்தும் ஓடுகிற கனடியக் கால்பந்து அது. ஆட்டம் சமநிலையில் இருந்தது. சங்கத் தலைவர் ஹால்வர்சன் காலையிலேயே சொல்லியிருந்தார்: "இன்னிக்கு ஜெயிக்கலேன்னா, ஓரெஸ்ட், விசிலை எங்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பு." பயிற்சியாளர் ஓரெஸ்ட் மெல்னிக் இந்த வேலைக்காகத் தன் பங்கு நிலத்தையே தம்பிக்கு விட்டவர். கடைசி நொடியில் உதைக்கச் சொன்னார். பந்து எதிரணியின் எல்லைக்குள் விழுந்து, அவர்கள் அதை வெளியே கொண்டுவராவிட்டால் ஒரு புள்ளி. அது போதும். பந்து மேலே போனது. வரவில்லை. அது விழாமல் ஆட்டத்தை முடிக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு நடுவர் சாப்பிடப் போனார்.

பிடிப்பதற்காக எல்லைக்குள் நின்றவன் டார்சி, பக்கத்து ஊர்ப் பையன். நகர்ந்தால் தன் ஊர் தோற்கும் என்பதால் நகரவில்லை. குதிரையைப் போல நின்றபடியே தூங்கப் பழகினான். பந்தைத் தொடும்வரை உதைத்த அணி அவனைச் சுற்றி ஐந்து கெஜம் இடம் விட வேண்டும் என்பது சட்டம். பனிகூட அந்த வட்டத்துக்குள் விழவில்லை. மற்ற ஆட்டங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தன. முடிவு தெரியாததால் ஓரெஸ்டை நீக்க முடியவில்லை. கோப்பைகள் வென்றார், நரைத்தார். தினமும் பீட்ரூட் சூப்பைத் தரையில் வைத்து, ஹாக்கி மட்டையால் வட்டத்துக்குள் தள்ளிவிடுவார்.

"உப்பே இல்ல கோச். தோத்துடுவோம்கிற பயத்துல மறந்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு மேலே பாருடா."

தெற்கே போகும் காட்டு வாத்துகள் வானத்தில் ஓரிடத்தில் மட்டும் விலகிப் பறந்தன. பந்து அங்கேதான் இருக்கிறது என்று ஊர் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

அந்த அக்டோபர் மதியம் மேலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. அன்று வில்லோ பென்டுக்கு ஆடியவர்கள், இப்போது தொப்பை விழுந்த விவசாயிகள், அறுவடை எந்திரங்களை ஓடவிட்டபடியே வந்து வட்டத்தைச் சூழ்ந்தார்கள். உறைபனி பூசிய பந்து டார்சியின் கைகளில் வந்து அமர்ந்தது. அதன் தையலில் ஒரு வாத்திறகு. தொட்டாயிற்று, இனி யார் வேண்டுமானாலும் அவனைச் சாய்க்கலாம். அவனுக்கோ கால் எழவில்லை.

"கோச், ஒரு வார்த்தை சொல்லுங்க, உருட்டிடறோம்!"

"விசில் ஞாபகம் இருக்கட்டும், ஓரெஸ்ட்!" என்றார் சக்கர நாற்காலியில் ஹால்வர்சன்.

ஓரெஸ்ட் முதல்முறையாக அந்த வட்டத்துக்குள் காலை வைத்தார். டார்சியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க வேலை போயிடுமே, கோச்."

"மேலே பார்க்காம நட."

இருவரும் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தார்கள். ஆட்டம் சமநிலை என்றார் நடுவர். ஓரெஸ்ட் விசிலைக் கழற்றி ஹால்வர்சனின் மடியில் வைத்துவிட்டு, டார்சியைச் சூப் குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனார். கல்லாக உறைந்திருந்த பந்தை மைதானக் காவலர் அடுப்பருகே வைத்து இளக்கினார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அது தேவைப்பட்டது.