ஒரு கார்டுக்கு ஓர் அறை

ஏ.சி. நின்றதும் அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவரைத் தவிர.

அடுத்த நொடி பக்கத்து அறையில் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப். பீப். பீப்.

“மூணாவது தடவை,” என்றாள் நாத்தனார், மூக்கைச் சிந்திக்கொண்டே. “செத்த பிறகும் என் தம்பியை விடமாட்டேங்குதே அந்தச் சனியன்.”

 இறந்தவரின் மனைவி எழுந்து போய், வாசலுக்கு மேலே இருந்த மின்பெட்டியைத் திறந்து, கீழே விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினாள். பீப் நின்றது. ஏ.சி. ஒரு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பக்கத்து அறையில் கம்ப்யூட்டரின் ஏழு விசிறிகளும் ஒரே சுருதியில் உறுமின. காலையிலிருந்து அவளுக்கு இதே வேலை. அழுவதற்கு இடைவெளி கிடைக்கவில்லை.

விடியற்காலையில் அவள் காபியோடு போனபோது, கணவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. திரை கறுப்பாக இருந்தது. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மேல்மாடி டாக்டர்தான் வந்து பார்த்தார். மாரடைப்பு, தூக்கத்திலேயே போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார். வலி தெரிந்திருக்காது என்று அவர் எல்லாருக்கும் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. வந்து சேரச் சாயங்காலம் ஆகும். “அப்பாவை வீட்டுலதான்மா பாக்கணும். ஆஸ்பத்திரியில டிராயர் மாதிரி இழுத்துக் காட்டுவாங்களே, அப்படி வேண்டாம்மா,” என்று போனில் விம்மினாள். அதனால்தான் படுக்கையறை, அதனால்தான் ஏ.சி.

எலக்ட்ரீஷியன் வந்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“ஏ.சி. லைன்ல இருந்து அந்த ரூமுக்கு யாரும்மா இழுத்தது? அறிவிருக்கா அவனுக்கு?”

“நீங்கதான்.”

எலக்ட்ரீஷியன் இன்னொரு முறை பார்த்தார். “ஆமா, நான்தான். சார்தான் சொன்னாரு. கம்ப்யூட்டருக்குப் புது கார்டு போட்டதுல ஹால் லைன் கருகிப்போச்சு, இங்கேயிருந்து இழுன்னாரு. ரெண்டும் சேர்ந்து ஓடாதுன்னு அப்பவே சொன்னேன். ‘நான் வேலை பாக்கும்போது அவ ஏ.சி. போட மாட்டாப்பா’ன்னாரு.”

உண்மைதான். அவள் போட்டதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள்.

“அது இப்ப முழு மூச்சா ஓடுது. ரெண்டுல ஒண்ணுதான். எது வேணும்னு சொல்லுங்க, மத்ததை எடுத்துடறேன். இன்னும் நாலு தடவை இப்படி விழுந்தா வயரே பத்திக்கும்.”

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றாள் நாத்தனார். “அந்தச் சக்களத்தியைப் போய் அணைச்சுட்டு வா.”

கம்ப்யூட்டருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தது நாத்தனார் இல்லை, அவள்தான். கணவருக்குக் கட்டடக் கம்பெனியில் வேலை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் காட்டுவார். திரைச்சீலை ஆடும், தரையில் வெயில் விழும். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அட்வான்ஸ் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சொந்த வேலை. அவர்கள் இருவரும் கட்டப்போகிற வீடு.

அந்த வீட்டுக்குச் சேர்த்த பணத்தில்தான் முதல் கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. பழைய கார்டில் வெயில் வெயிலாகவே தெரியவில்லையாம். “விருந்தாளி ரூம் போச்சு,” என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. அடுத்த கார்டில் பால்கனி போனது. கார்டு பெரிதானால் அதற்கு மின்சாரம் தருகிற டப்பா போதாது. டப்பாவை மாற்றினால் உள்ளே சூடு தாங்காது. சூட்டுக்கு விசிறி போட்டால் பெட்டி கொள்ளாது. எல்லாவற்றையும் மாற்றி முடித்து அவர் ஒரு மாதம் நிம்மதியாக இருப்பார். அதற்குள் கடையில் புதுக் கார்டு வந்துவிடும். ஒரு கார்டுக்கு ஓர் அறை. கடைசிக் கார்டு வந்த அன்று அவள் சிரிக்கவில்லை. “இனிமே வாசப்படி மட்டும்தான் பாக்கி. அதையும் கழட்டிக் குடுத்துடுங்க.”

“ஒரு தடவை வந்து பாரேன்,” என்பார்.

“கட்டின பிறகு பாக்கறேன்.”

கொஞ்ச வருஷத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டார். முந்தாநாள்தான் திடீரென்று, “நாளன்னிக்குச் சாயங்காலம் சீக்கிரம் வா, ஒண்ணு காட்டணும்,” என்றார். கடையில் அன்றைக்குச் சரக்கு வருகிறது என்று சொல்லிவிட்டாள்.

அவள் அந்த அறைக்குள் போனாள். மேஜைக்கு அடியில் கைவிட்டு பிளக்கைத் தேடினாள்.

“அண்ணி! அண்ணி! கையை எடுங்க!”

வாசலில் நின்றிருந்தார் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைக்காரர். செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருந்தார், சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே இருந்தது. எல்லாக் கார்டும் அவர் கையால் விற்றதுதான். அவளுக்கு அவரைப் பார்த்தாலே எரியும்.

“ஓடிட்டிருக்கு, கேக்கலையா?” என்றார். “நீங்க கட்டப்போற வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி முழுசாப் படமா எடுக்குது. ரெண்டு நாளா ஓடுது. முடிஞ்சதும் இதோ இந்தப் பென் டிரைவ்ல வந்து விழும். ஹால் டி.வி.ல போட்டு உங்களுக்குக் காட்டணும்னு அண்ணன் பிளான். இன்னிக்குச் சாயங்காலம் முடிஞ்சிடும்.”

“இப்ப நிறுத்திட்டு நாளைக்கு ஓட்டுங்க.”

“யாரு ஓட்டுறது? உள்ளே கம்பெனி சமாசாரமெல்லாம் இருக்குன்னு அண்ணன் டிஸ்க்கையே பூட்டி வெச்சிருக்காரு. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தடவை அணைஞ்சா அப்புறம் இது வெறும் தகரம்.”

“பொண்ணு பேரைப் போட்டுப் பாரேன்,” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார். “ஆம்பிளைங்க எல்லாம் அதைத்தான் வெப்பாங்க.”

“பேரு வெக்கற ஆளா அவரு? ஒரு முழ நீளத்துக்கு வெச்சிருப்பாருக்கா. எனக்கே காட்ட மாட்டாரு, திரும்பி நில்லும்பாரு.”

“நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“பாஸ்வேர்டா?”

“வீடு.”

கடைக்காரர் சங்கடமாகத் தலையாட்டினார். “கார்டு மாட்ட வரும்போதெல்லாம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போவாரு. நீங்க பாக்கலைன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி.”

மின்பெட்டியில் டப்பென்று சத்தம். ஏ.சி. மறுபடி நின்றது. பீப், பீப். எலக்ட்ரீஷியன் யாரையும் கேட்காமல் ஏ.சி.யின் இணைப்பை எடுத்துவிட்டு, மற்றதை மேலே தள்ளினார். கம்ப்யூட்டர் ஓடியது. படுக்கையறையில் புழுக்கம் ஏறியது. யாரோ ஒரு பெண்மணி செய்தித்தாளை மடித்து இறந்தவருக்கு விசிற ஆரம்பித்தாள், அவருக்கு வியர்க்கும் என்பதுபோல.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய இருந்தது. மருந்துக்கடையில் பிரிட்ஜ் நின்றுபோனால் இன்சுலின் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டுப் பார்ப்பதுபோலவே புறங்கையைக் கணவரின் கன்னத்தில் வைத்தாள். எடுத்தாள். உதட்டோரம் காலையில் பார்த்த நிறத்தில் இல்லை.

பக்கத்து அறையில் ஏழு விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். நாத்தனார் அவளுடைய முகத்தையே பார்த்தாள். 

“ஏ.சி.யைப் போடுங்க,” என்றாள்.

“அண்ணி, சாயங்காலம் வரைக்கும் மட்டும்...”

“பொண்ணு வரும்போது அவர் நல்லா இருக்கணும்.”

கடைக்காரர் வாசலுக்கும் அறைக்குமாக இரண்டு தடவை நடந்தார். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு வெளியே வந்தார்.

“சார், உங்க வீட்டுல இருந்து ஒரு லைன் வேணும். துஷ்டி வீடு, இல்லைன்னு சொல்லிடாதீங்க.”

“தாராளமா எடுத்துக்கோங்க. என்ன, லைட்டா?”

“லைட்டு மாதிரிதான்.”

எலக்ட்ரீஷியனின் பையிலிருந்து தடித்த வயர் வந்தது. எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்து நடைபாதையைத் தாண்டி, செருப்புக் குவியலுக்கு மேலே, ஹால் வழியாக அறைக்குள். துக்கம் கேட்க வந்தவர்கள் கால்களைத் தூக்கி வழிவிட்டார்கள். எதுக்கு வயர் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் விவரம் தெரிந்தவர்போல, “மைக் செட்,” என்றார்.

கடைக்காரர் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்தார். “ரொம்ப சிம்பிள். யு.பி.எஸ்ஸோட பிளக்கைச் சுவத்துல இருந்து உருவி, எதிர்வீட்டு வயர்ல சொருகணும். நடுவுல ரெண்டு செகண்டு பேட்டரி பாத்துக்கும். என் கை ஒண்ணுதான் எட்டுது. நீங்க உருவுங்க, நான் சொருகறேன்.”

“நானா?”

“உருவுங்கன்னு சொல்லும்போது உருவுங்க.”

அவள் மண்டியிட்டாள். பிளக் வெதுவெதுப்பாக இருந்தது. கணவர் உயிரோடு இருந்தபோது இதைப் பிடுங்க வேண்டும் என்று எத்தனை இரவுகள் நினைத்திருக்கிறாள். நாத்தனார் கதவோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“உருவுங்க!”

உருவினாள்.

பீப் என்று ஆரம்பித்த சத்தம் நடுவிலேயே அறுந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. பெரியது கடைசியாக நின்றது. கடைக்காரர் பிளக்கைச் சொருகியிருந்தார். எதிர்வீட்டு மின்சாரம் வந்தது, யு.பி.எஸ்ஸில் பச்சை விளக்குகூட எரிந்தது. பெட்டியில் எந்த அசைவும் இல்லை.

“என்னடா ஆச்சு?” என்றாள் நாத்தனார். “டேய், என்னடா ஆச்சு?”

“பேட்டரிக்கா.” அவர் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. “காலையில இருந்து விழுந்து விழுந்து இருந்த கொஞ்சமும் தீந்துபோச்சு. பழசு. மாத்துங்க மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அதனால படத்துல என்னய்யா வித்தியாசம் தெரியப்போகுது, அந்தக் காசுக்கு ராம் மெமரி போடுன்னாரு. எல்லாக் கஸ்டமரும் அப்படித்தான். கார்டுக்குக் கொட்டுவாங்க. பேட்டரின்னா அடுத்த மாசம்பாங்க.”

பவர் பட்டனை அழுத்தினார். ஓடியது. திரையில் பாஸ்வேர்டு கேட்டு நீளமான ஒரு வெற்றுக் கட்டம் வந்து, உள்ளே ஒரு கோடு மின்னி மின்னி நின்றது.

நாத்தனார்தான் ஓவென்று அழுதாள். காலையில் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுததைவிடச் சத்தமாக. “எதையாவது போட்டுத் திறடா! திறடா அதை!” என்று கடைக்காரரின் முதுகில் அடித்தாள். மைக் செட் என்று சொன்னவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். “ஏ.சி.யைப் போடுங்க,” என்றாள் எலக்ட்ரீஷியனிடம். அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அறை சில்லென்று இருந்தது. அவர் நன்றாக இருந்தார், காலையில்தான் சவரம் செய்துகொண்டவர்போல. மகள் அவர் நெற்றியில் கைவைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“என்னம்மா இவ்ளோ அமைதியா இருக்கு வீடு? அந்தச் சத்தம் எங்கே?”

“நிறுத்தியாச்சு.”

“யாரு?”

“நான்தான்.”

மகள் தலையை ஆட்டினாள். 

எடுத்துப்போக வண்டி வந்துவிட்டதாகக் கீழேயிருந்து ஆள் வந்து சொன்னான். “பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் அவர்கிட்ட இருக்கட்டும். நான் போய்ச் சொல்லிட்டு வரேன்,” என்று அவள் படியிறங்கினாள்.

வண்டி நிற்பதற்காகக் கீழே பார்க்கிங்கில் இருந்த கார்களையெல்லாம் எடுத்திருந்தார்கள். தூண்களுக்கு நடுவே சிமெண்டுத் தரை வெறுமையாகக் கிடந்தது. வண்டி டிரைவர் பீடியைப் பின்னால் மறைத்தார். ஒரு தூணோரம் பார்ட்ஸ் கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே வர முகமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார் போலிருக்கிறது. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“அண்ணி, அந்த நேரத்துல நான்...”

“எப்படி இருந்துச்சு?”

“எது அண்ணி?”

“வீடு.”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு தூண்களுக்கு நடுவில் போய் நின்றார்.

“இது வாசல்னு வெச்சுக்குங்க. ரெட்டைக் கதவு. நுழைஞ்ச உடனே ஹால், இதோ இந்த அளவு.” கையை விரித்து நடந்தார். “நேரே பெரிய ஜன்னல். காலை வெயில் இது வரைக்கும் வரும், இந்தக் கோடு வரைக்கும். சமையல்கட்டு இடது பக்கம். விருந்தாளி ரூம் அதுக்குப் பின்னாடி, பால்கனியோட.”

“விருந்தாளி ரூம் இருக்கா?”

“எல்லாம் இருக்கு அண்ணி. எதையும் எடுக்கலை அவரு.” திரும்பி, டிரைவரிடம் சொன்னார்: “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்கே சுவர் வருது.”

டிரைவர் ஒன்றும் புரியாமல் இரண்டடி தள்ளி நின்றார்.

அவள் தூண்கள் வரை நடந்து வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனாள்.