கருகாத திரி

செத்துப்போன ரஷ்யச் சிப்பாய்களின் நச்சுவாயு முகமூடிகளைப் புரட்டிப் பார்த்து வயது சொல்வதும் ஓர் உத்தியோகமா என்றால், உத்தியோகம்தான். ஐம்பத்தாறு வயதில் அம்பலவாணனுக்கு அதுதான் வாய்த்தது.

சோவியத் தேசம் குலைந்து இரண்டு வருசமாகியிருந்தது. அங்கே கிடங்குகளில் கிடந்த பட்டாளத்துச் சாமானெல்லாம் லொறி லொறியாக லண்டனுக்கு வந்து இறங்கியது. லண்டனுக்குத் தெற்கே மிச்சம் என்ற ஊரில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், ரொனி என்கிற வெள்ளைக்காரன் அவற்றை வாங்கி விற்றான். புதியவை சந்தைக்குப் போகும். தலைமயிரைப் பச்சையாக்கிய பொடியன்கள் வாங்கி மாட்டிக்கொண்டு திரிவார்கள். பழையவை சேகரிப்பவர்களுக்கு. எது பழசு, எது புதுசு என்பதுதான் ரொனிக்குத் தெரியாது. சோவியத் காலத்துக் கீவ் நகரில் ரசாயனம் படித்து, பரந்தன் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு அகதியாக வந்து பெற்றோல் ஷெட்டில் நின்ற அம்பலவாணனுக்கு ரஷ்யன் வாசிக்க வரும் என்று யாரோ சொல்ல, ரொனி அவரைப் பிடித்துக்கொண்டான். பெற்றோல் ஷெட்டையும் அவர் விடவில்லை. காலையில் அங்கே, மத்தியானம் இங்கே. மனுசனுக்கு இரண்டு முதுகு இருந்தாலும் காணாது.

முகமூடிகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க வெள்ளைப் பவுடர் போட்டு அடுக்கியிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் அம்பலவாணனின் முகம் கூத்துக்காரன் முகமாகிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டிய வேலை. காற்றை வடிகட்டும் தகரப் பேணி நாடியிலேயே திருகப்பட்டிருந்தால் பிந்தியது. ஆனைத் தும்பிக்கை போல ஒரு குழாய் தொங்கினால் அதற்கு முந்தியது. சதுரத் தகரப் பெட்டியும், நெற்றியில் விரல் நுழைக்க ஒரு ரப்பர்ப் பையும் இருந்தால் எல்லாவற்றுக்கும் முந்தியது. கண்ணாடியில் மூச்சுப் படிந்தால் அந்தப் பைக்குள் விரலை விட்டு உள்ளேயிருந்தே துடைக்கலாம். உடுப்புகளும் அப்படித்தான். ரப்பர் பூசியவை பிந்தியவை. எண்ணெயில் தோய்த்த துணியென்றால் பழசு. விரித்தவுடன் சிக்கு மணம் மூக்கில் அடிக்கும். இவ்வளவும் அத்துப்படி. சொந்த மகன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நிமலன் சோதனை எழுதிவிட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் நின்றவன். தொண்ணூறாம் ஆண்டு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனான். சைக்கிள் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவனுடைய தாய் அருமைநாயகி அன்றோடு ஒழுங்காகச் சாப்பிடுவதை விட்டாள். அம்பலவாணன் கும்பிடுவதை விட்டார். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் கதவைத் திறந்தபோது மீன் பொரியும் மணம் வந்ததை நம்ப முடியவில்லை. அருமைநாயகி தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ. ஒண்டு காட்டவேணும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குசினிக்குப் பக்கத்து அலுமாரிதான் அவர்களுடைய சாமி அறை. அம்மன் படத்துக்கு முன்னால் சின்னக் குத்துவிளக்கு நின்று எரிந்தது.

"திரியைப் பாருங்கோ. போன கிழமை போட்டது. ஒரு பொட்டுக் கருகேல்லை, கட்டையாகேல்லை. எண்ணெய் மட்டும்தான் விடுறன்." அவளுடைய குரல் தழுதழுத்தது. "அவன் இருக்கிறானப்பா. அம்மாளாச்சி காட்டுறா."

அவருக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. திரியைப் பற்றியல்ல, அவள் சிரித்ததைப் பற்றி. பிறகுதான் குனிந்து பார்த்தார். சுடருக்குள் திரியின் நுனி சிவந்து நின்றது. கரியே இல்லை.

"திரி எங்காலை எடுத்தனீர்?"

"கடைத் திரி முடிஞ்சுபோச்சு. நீங்கள் கொண்டந்த உக்கல் பேணிக்குள்ள நல்ல வெள்ளைப் பஞ்சு கிடந்தது. பேணியைக் கழுவி வைப்பமெண்டு திறந்தனான்."

கொட்டகையில் வெளிச்சம் காணாதென்று, அடியிலுள்ள முத்திரையை வாசிக்க அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய வடிகட்டிப் பேணி அது. மேசையில் வைத்தார், களைப்பில் அப்படியே நித்திரையாகிவிட்டார், பிறகு மறந்தும் போனார். அந்த வீட்டில் ஒரு பேணியும் குப்பைக்குப் போகாது என்பதையும் மறந்துவிட்டார். ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் மிளகாய்த்தூளும் பால்மா ரின்னுக்குள் பருப்பும் வைக்கிற குடும்பம். ரொனியிடம் அவரே எச்சரித்திருந்தார்: பழைய பேணிகளைத் திறக்கவேண்டாம், புகையை மறிக்க உள்ளே அஸ்பெஸ்டஸ் நார் வைத்திருப்பார்கள் என்று. ஊருக்கெல்லாம் சொன்னவர் வீட்டில் சொல்லவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் அதற்குள் கோப்பையில் சோறு போட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மூன்று வருசத்துக்குப் பிறகு பொரித்த மீனை முள் எடுத்துச் சாப்பிட்டாள். அம்பலவாணன் வாயை மூடிக்கொண்டார். விளக்கில் எரிகிறது ஒரு துண்டு, எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது, அதால் என்ன வந்துவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். மிச்சப் பஞ்சு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும்.

அடுத்தநாள் ஞாயிறு. கொட்டகை இல்லை. பெற்றோல் ஷெட்டால் மத்தியானமே வந்துவிட்டார். அருமைநாயகி யன்னலோரம் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையில் வைத்துத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள். மடியில் வெள்ளைக் குவியல். வெயில் கீற்றுக்குள் அவளுடைய முகத்தைச் சுற்றித் தூசு மெல்ல மிதந்தது. அவள் ஒரு பிடியை எடுத்துத் தும்பு பறக்க வாயால் ஊதினாள்.

"பக்கத்து வீட்டுக் கனகாம்பிகைக்கும் குடுப்பமெண்டு. அவவின்ர பொடியனும் அங்கதானே..."

"அருமை! ஊதாதேயும். அதைக் கீழ வையும். எழும்பாதேயும், சீலையை உதறாதேயும்."

அவள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். அவர் ஓடிப்போய்த் துவாயை நனைத்து வந்து அவளுடைய மடியில் போட்டார். ஆருக்காவது குடுத்தனீரோ என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அது பஞ்சில்லை. கல்லிலயிருந்து எடுக்கிற நார். நெருப்பில கருகாது. மூச்சில போனா நெஞ்சுக்குள்ள இருந்துகொண்டு ஆளைத் தின்னும்."

"அப்ப, கருகாதது அம்மாளாச்சியால இல்லையோ?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லுக்காக அவர் தன்னையே வெறுத்தார். அவள் அழவில்லை. குளியலறைக்குப் போய் உடுப்பை மாற்றினாள். அவர் ஈரத்துணியால் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துப் பையில் கட்டினார். வாசலில், முத்திரை வாசிக்கவென்று கொட்டகையிலிருந்து கொண்டுவந்த ஒரு சாக்கு நிறைய முகமூடி கிடந்தது. அவற்றின் பேணிக்குள்ளும் அதே நார் இருக்கலாம்; ஒன்றையும் நம்பி மூஞ்சியில் மாட்ட ஏலாது. ஈரச் சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு விளக்கை அணைத்தார், அந்தத் திரியையும் எடுத்தார். சீலையும் துவாயும் பைக்குள் போயின. கும்பிட்ட விளக்கை அவள் ஒருநாளும் ஊதி அணைத்ததில்லை. அவரும் ஊதவில்லை, ஒரு பூவால் அமர்த்தினார்.

அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. வெறும் விளக்கைப் பார்த்தபடி கதிரையில் இருந்தாள். அம்பலவாணன் மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சு எடுத்தார். தொடையில் வைத்து உருட்ட அவருக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் நூலாகவும் ஏதோ ஒன்று வந்தது. எண்ணெய் விட்டு, அதை இட்டு, கொளுத்தினார். பிறகு சோறு வடித்து, நேற்றைய பொரித்த மீனைச் சூடாக்கி, இரண்டு கோப்பையில் போட்டு வைத்தார்.

"கருகுது," என்றாள் அவள், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பஞ்செண்டாக் கருகும்தான்."

"அணைஞ்சுபோனா?"

"நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீங்களோ?" அவள் முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு காலமும் அவனுக்கெண்டு ஒரு விளக்குக் கொளுத்தினனீங்களோ? அவன் செத்திட்டான் எண்டுதானே நீங்கள் கும்பிடாம இருந்தனீங்கள்? எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

ஒரு கிழிந்த ரப்பரைப் பார்த்து அது எந்தக் காலத்துச் சாமான் என்று அடித்துச் சொல்கிற மனுசன், மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது, அருமை. உண்மையா எனக்குத் தெரியாது. பயத்திலதான் கும்பிடேல்லை."

அவள் தன் கோப்பையைக் கிட்ட இழுத்தாள்.

"இருங்கோ. சோறு ஆறுது."

இரண்டு பேரும் சாப்பிடத் தொடங்கினார்கள். பாதியில் அலுமாரிக்குள் சுடர் சிறுத்து நீலமானது. அவள் எழும்ப முதல் அம்பலவாணன் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு போய், கருகிய நுனியைத் தட்டிவிட்டு, திரியை விரலால் வெளியே இழுத்தார். சுட்டது. விடாமல் பிடித்திருந்து, சுடர் நிமிர்ந்த பிறகுதான் கையை எடுத்தார்.