பின்சுவரில் ஓதம்

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் கொத்தனார் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பிறந்த வீட்டில் ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்த சுவரைப் பார்க்க வந்திருந்தார். "குளியலறை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அப்ப சுவத்து மேல தப்பில்ல" என்று அவர் சிரித்தார். ஒரு பெண்ணிடம் பேச வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று அவரையே கல்யாணம் செய்துகொண்ட பிறகு எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

போகிற வீட்டிலெல்லாம் அவர் முதலில் கேட்பது அதைத்தான். தன் சொந்தக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பதினொரு வருடமாக ஈரம் இருந்தும், அதை மட்டும் அவளிடம் கேட்டதில்லை.

இப்போது அந்தச் சுவரில் ஒட்டியிருந்த பாலிதீன் தாளை மகள் பிய்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் முந்தாநாள் சொன்னதைக் கேட்டு ஓடி வந்தவள். "இதயம் களைச்சுப்போச்சு. வலி இருக்காது. கூட இருங்க, போதும்" என்று சொல்லியிருந்தார் மருத்துவர். வந்தவள் அப்பாவைப் பார்த்து அழுதாள். பிறகு அவர் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் ஓதம் பாக்குற ஆளு. உங்க தலைமாட்டுல பூஞ்சை பூத்துக் கிடக்கு. சிரிப்பா சிரிக்குறாங்கப்பா."

"சிரிக்கட்டும். உடம்புக்கு நல்லது" என்றார் அவர்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனையைத்தான் மகள் நேற்றுக் காலை செய்திருந்தாள். ஈரம் பட்ட இடத்தில் பாலிதீன் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும். சுவரை ஒட்டிய பக்கம் வேர்த்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. வெளிப்பக்கம் சருகாகக் காய்ந்திருந்தது.

"உள்ளேருந்துதான் வருது" என்றாள் மகள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்த தாய் அதைக் கீழே வைத்தாள். இனி அடுத்த கேள்வி அதுதானே வரும்? அந்தப் பக்கம் என்ன இருக்கு?

அந்தப் பக்கம் அவளுடைய தோட்டம் இருந்தது. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. செடி வைக்கிற அளவுக்கு வெயில் விழுகிற ஒரே இடம். பதினொரு வருடங்களுக்கு முன் அவர் வெளியூர் வேலையாக இரண்டு மாதம் போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் தோண்டிய மண்ணைத் தகர டின்னில் சுமந்து சுமந்து கொட்டி, சுவரை ஒட்டிப் பாத்தி கட்டி, ரோஜா நட்டாள். திரும்பி வந்தவர் பின்கதவில் நின்று எட்டிப் பார்த்தார். "இது உன் ராஜ்ஜியம். இனி எனக்கு இங்க வேலையில்ல" என்று சொல்லிக் கை கழுவப் போய்விட்டார். அடுத்த மழைக்குச் சுவரில் ஓதம் தெரிந்தது. அவர் சுரண்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "குழாய் கசியுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

குழாய் போட்டவர் அவருடைய சிநேகிதர். ஊரே அவரைக் குழாய் என்றுதான் கூப்பிடும். "நான் போட்ட குழாயா? கசியுமா?" என்று மூன்று முறை அந்த அறையை ஒட்டிய குளியலறைத் தரையை உடைத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரு சொட்டுக்கூட இல்லை. மூன்று முறையும் கொத்தனார் அசரவில்லை.

அவளுக்கு உண்மை தெரிந்தது ஒரு போன் பேச்சில். யாரோ ஒருவருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "வெளியில மண்ணு வீட்டுத் தரையை விட ஒசரமா இருக்கா பாருங்க. செடி வச்சிருக்கீங்களா? சுவத்தை ஒட்டி வச்சா செடி மட்டுமா குடிக்கும், சுவரும் சேர்ந்து குடிக்கும். பெயிண்ட் அடிக்காதீங்க. ஈரம் காயாம பெயிண்ட் அடிக்கிறது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுற மாதிரி." அவள் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாத்தியை எடுக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டது, விழுங்கின முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது. ஓதம் பார்க்கிறவன் வீட்டிலேயே ஓதம் என்று தெருவில் யாராவது சிரிக்கும்போதெல்லாம் அது குத்தும்.

"குழாயிக்குப் போன் போடு" என்றார் அவர் மகளிடம், கண்ணில் பழைய குறும்போடு. "சோதனையே சொல்லிடுச்சு. வந்து தோத்துட்டுப் போகச் சொல்லு."

குழாய் பத்து நிமிடத்தில் பையும் ஸ்பேனருமாக வந்து நின்றார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் இளகியது. உடனே இறுக்கிக்கொண்டார்.

"யோவ் கொத்தனாரே, படுக்கையில கிடந்தும் உன் வாய் மூடலியே."

"மூடிட்டா உன் குழாய் கசியுற சத்தம் கேக்கும்யா. அதான்."

"கசியுதா? இப்ப காட்டுறேன். குழாயெல்லாம் அடைச்சு வச்சு மீட்டர் ஓடுதான்னு எண்ணிப் பாக்குறேன். ஒரு சொட்டு ஓடினா என் மீசைய எடுத்துக்க."

"உன் மீசை யாருக்குய்யா வேணும்? பெயிண்ட் பிரஷுக்குக்கூட ஆகாது."

மகள் சிரித்துவிட்டாள். "வாங்க மாமா, நான் டார்ச் பிடிக்கிறேன்" என்று அவரை அழைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.

அறையில் இருவர் மட்டும். பேசின களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். இப்போது விட்டால் எப்போது?

"ஏங்க. அது குழாய் இல்ல."

"குழாய்தான்" என்றார் கண்ணை மூடியபடி.

"இல்லீங்க. என் செடி. நான் கொட்டின மண்ணு. எனக்கு அப்பவே தெரியும். சொல்ல வாய் வரல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தாள்.

"அந்தக் கோடியில, மஞ்ச ரோஜா" என்றார் மெதுவாக. "இந்தத் தடவ பூத்துச்சா?"

மஞ்சள் ரோஜா பின்கதவிலிருந்து தெரியாது. சந்துக்குள் இறங்கி, குனிந்து, கடைசிவரை போனால்தான் தெரியும். அப்படி ஒன்று இருப்பதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏழு பூ" என்றாள்.

"ம். அப்ப குழாய்தான்."

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காரை தின்ற விரல்கள். நகக்கண்ணில் இன்னமும் சுண்ணாம்பு வெள்ளை. முன்பக்கம் குழாயும் மகளும் எண்ணிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டிப் போர்வைக்கு வந்தது. அவர் மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது கொஞ்சம் தாமதித்து வந்தது. அதற்கு அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள்.

"யோவ், ஒரு சொட்டுகூட..." என்று கையை உயர்த்தியபடி உள்ளே வந்த குழாய், வாசற்படியிலேயே நின்றார்.

சொந்தக்காரர்கள் வருவதற்குள் அந்தச் சுவருக்கு ஒரு பூச்சாவது அடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். "வேண்டாம். அவருக்குப் பிடிக்காது" என்று அவள் சொல்லிவிட்டாள். ஏழு மஞ்சள் ரோஜாவையும் பறித்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள்.

நான்காம் நாள் காலை வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். மகள் களைத்துத் தூங்கினாள். குழாய் பையோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, மனசு கேக்கல. அவன் சொன்ன சொல்லு ஊர்ல நிக்குது பாரு, என் குழாய் கசியுதுன்னு. கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன். உள்ள எல்லாம் பாத்தாச்சு. பின்பக்கம்தான் அவன் ஒரு நாளும் விட்டதில்ல. கேட்டா, அது வீட்டம்மா ராஜ்ஜியம்பான்."

அவள் எழுந்து பின்கதவின் தாழ்ப்பாளைத் தானே நீக்கினாள்.

குழாய் சந்தில் இறங்கினார். இரண்டடி வைத்தார். அதற்கு மேல் நகரவில்லை. வீட்டுத் தரைக்கு ஒரு அடி மேலே ஏறி, சுவரை ஒட்டி மெத்தென்று கிடந்தது மண். காலையில் அவள் ஊற்றிய தண்ணீர் இன்னும் பளபளத்தது. அவர் குனிந்து மண்ணில் ஒரு விரலை அழுத்தினார். பிறகு சுவரில் அழுத்தினார். நிமிர்ந்து, பாத்தியின் நீளம் முழுவதையும் பார்த்தார்.

பதினொரு வருடம். மூன்று முறை உடைத்த தரை. அவர் கத்துவார் என்று அவள் கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். கத்தட்டும். அவருக்கு உரிமை இருக்கிறது.

குழாய் உள்ளே போனார். மூலையில் கொத்தனாரின் சாமான் பெட்டியைத் திறந்து, எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருந்த, காரை பூசும் கரணையை எடுத்துக்கொண்டு வந்தார். சந்தில் குந்தி உட்கார்ந்து, சுவரோரத்து மண்ணைச் சுரண்டி இழுக்க ஆரம்பித்தார். ஒரு சாண் அகலத்துக்கு, அஸ்திவாரத்தின் தலை தெரிகிற ஆழத்துக்கு. வேர் வந்த இடத்தில் கரணையை வைத்துவிட்டு விரலால் விலக்கினார். ஒவ்வொரு செடியாகத் தாண்டிக் கோடிவரை போனார்.

கோடியில் மஞ்சள் ரோஜா சுவர் மேல் சாய்ந்தே வளர்ந்திருந்தது. அதன் அடியில் கையை வைத்தவர், பூப்பறித்த ஏழு காம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இடத்து மண்ணை மட்டும் தொடவில்லை. எடுத்த மண்ணில் ஒரு கை அள்ளி அதற்கே அணைத்துவிட்டார்.

பிறகு எழுந்து கரணையைக் கழுவினார். துரு பிடிக்காமல் தன் துண்டால் துடைத்தார். பழையபடி துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிலைக் கடந்து, அவளைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.