மடையிலிருந்து மூன்று கிலோமீட்டர்

...வராமலே இருந்திருக்கலாம், இந்த ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்தது போன தை மாதம், அப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், கர்ணன்தான் தன் போனில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிந்தான், விவாகரத்துத் தீர்ப்பு வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, அவன் வரமாட்டான் என்று இவள் நினைத்தாள், இவள் வரமாட்டாள் என்று அவனும் நினைத்திருப்பான், இப்போது இருபதடி முன்னால் அந்த முதுகு போய்க்கொண்டிருக்கிறது. வலது தோள் கொஞ்சம் இறங்கின முதுகு. ஒன்பது வருஷம் பார்த்தது, தெரியாமல் போகுமா. முனீஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இது இரண்டாவது சுற்று. கண்மாயை ஒரு தடவை சுற்றினால் ஏழு கிலோமீட்டர், மூன்று சுற்று ஓட வேண்டும். வடகரையில் கிழக்கே போகும்போது ஆனிக்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது, ஓடுகிற மாதிரியே இல்லை, மடையில் திரும்பித் தென்கரைக்கு வந்தால் அதே காற்று மூஞ்சியில் அறைகிறது, மடையிலிருந்து முடிவுக்கோடு வரைக்கும் மூன்று கிலோமீட்டர், கண்ணைத் திறக்க முடியவில்லை, தண்ணீர் எகிறிக் கரைக்கல்லில் அடித்துக் காலில் தெறிக்கிறது. முதல் சுற்றில் அதைத் தனியாகத்தான் ஓடி முடித்தாள். இந்தத் தடவை அந்த முதுகு இருக்கிறது. பெரிய முதுகுதான்.

போய் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டாள். காற்று நின்றுவிட்டது. இதில் என்ன இருக்கிறது, முன்னால் போகிறவர் யாராக இருந்தாலும் ஒட்டிக்கொண்டுதான் ஓடுவார்கள், வேறு யாராவது என்றால் யோசித்திருப்பாளா... அவன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்துவிட்டது, தோள் ஒருமுறை அசைந்ததில் தெரிந்தது. கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஏன்மா என்று கேட்டார். ஒத்துப்போகலை என்றாள். மாமியார் முத்துலட்சுமி வராந்தாவில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சானா, குடிச்சானா, எதுக்கு ஆத்தா இது? சொந்தக்காரவுக வந்து வந்து கேக்குறாக, நான் என்னன்னு சொல்ல?" என்றாள். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைக்கப்போகிறான் என்பது இவளுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லித்தான் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. இவள் வேலை பார்ப்பது பழனிசெட்டிபட்டியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற கை இது, அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதைத் துவைக்க எடுத்த சட்டைப்பையில் ஒரு மருந்துச்சீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வேறு ஊரில் போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். கேட்டதற்கு, சொல்லணும்னுதான் இருந்தேன் என்றான். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தது, அவன் முன்னால், இவள் பின்னால், பேச்சு கிடையாது... இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சட்டைப்பையில் சீட்டு இருந்தது, அதனால் பிரிகிறேன் என்றா.

மூன்றாவது சுற்று. வடகரை வந்ததே தெரியவில்லை, போனதே தெரியவில்லை. மடை. திரும்பினதும் காற்று முன்னைவிட மோசம், தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது. அப்போது அவன் திரும்பாமலே பேசினான். "கொஞ்ச தூரம் நீ முன்னால போறியா? மூச்சு வாங்குது." இவளுக்குக் கால் ஒருமுறை தப்பியது. கேட்கிறானா? "சரி" என்றாள், தாண்டிப் போய் முன்னால் ஓடிக் காற்றை மூஞ்சியில் வாங்கிக்கொண்டாள். நெஞ்சில் எண் குத்திய துணி படபடவென்று அடித்தது. பின்னால் தொப் தொப்பென்று காலடி கேட்டது, பிறகு காது முழுக்கக் காற்று. திரும்பிப் பார்க்கலாம், பார்த்தால் என்னமோ பார்த்த மாதிரி ஆகிவிடும், வேண்டாம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அவனுக்குச் சர்க்கரை, காலையில் என்ன சாப்பிட்டு வந்தானோ, இந்த வேகம் தாங்குமா, இன்னும் கொஞ்சம் குறைத்தாள். ஓரமாகப் போனால் அவனுக்கு மறைப்பு கிடைக்காது என்று நடுவிலேயே ஓடினாள். இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சின்னமனூர் பி.டி. டீச்சர் ஜெபராணி பக்கத்தில் வந்தாள், முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்களில் இவள் மூன்றாவது, அவள் நான்காவது. "என்னக்கா, நடக்குறீக? வாங்க, சேந்து போவம்!" என்று கத்தினாள். கால் வலிக்கவில்லை, மூச்சு இருந்தது, போயிருக்கலாம். நீங்க போங்க என்று கையைக் காட்டினாள். ஜெபராணியின் பச்சைச் சட்டை சின்னதாகிச் சின்னதாகிப் போனது. மூன்றாம் பரிசு போகிறது என்று நினைத்தாள், யாருடையதோ போகிற மாதிரி இருந்தது. அவன் இப்போது என்ன நினைப்பான், வேண்டுமென்றே விட்டாள் என்பது அவனுக்குத் தெரியுமா, தெரிந்தாலும் சொல்லமாட்டான்... அதே வேகம், ஏற்றாமல் இறக்காமல், கோடு வரைக்கும்.

கோட்டைத் தாண்டி, கழுத்தில் பதக்கத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கரை நீளத்துக்கு வெறும் புழுதி, எங்கேயோ தூரத்தில் ஒரு கிழவர் மட்டும் குனிந்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் கேன் ஏற்றின லோடு ஆட்டோ வந்தது. அதன் பின்பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இறங்கி நொண்டிக்கொண்டு வந்தான், இவளுக்கு நாலடி தள்ளி நின்றான். "மடையத் தாண்டுன ஒடனே கெண்டக்கால் பிடிச்சிருச்சு. அங்கனயே உக்காந்துட்டேன்." மடையைத் தாண்டின உடனே. அப்படியானால் அந்த மூன்று கிலோமீட்டரும்... "கூப்ட்ருக்கலாம்ல?" என்றாள். "கூப்ட்டேன்." குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னான், கையில் இருந்த பாட்டிலைத் திறந்து குடித்தான். காற்று இவளிடமிருந்து அவன் பக்கம் அடித்தது, அவன் குரல் பின்னாலேதான் போயிருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது, சரிதான். ஆனாலும் கேட்டாள். "என்ன சொல்லிக் கூப்ட்டீக?" கர்ணன் பாட்டிலை மூடினான். "முனீஸ்வரின்னுதான். வேற என்ன சொல்லிக் கூப்டுறது இப்ப." ஒன்பது வருஷமும் இங்கேரு, ஏய், இந்தா என்றுதான், ஒரு நாள்கூடப் பேர் சொன்னதில்லை. அவன் வாயில் அந்தப் பேர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. காற்றே அடிக்காமல் இருந்து, நன்றாகக் காதில் விழுந்திருந்தால்... திரும்பியிருப்பாளா? வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓடிக்கொண்டேதான் இருந்திருப்பாள்.