சிவப்புச் சட்டை

நிறஞ்சலா கதிரையில் ஏறி, சுவரிலிருந்த இரண்டு படங்களையும் கழற்றினாள். முன் அறையில் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். மூன்று மணிக்கு மாதா கோயிலுக்கு எடுக்க வேண்டும்.

“அவர் தன்ரை கையாலை கீறின படத்தைக் கொண்டு வா, பிள்ளை. அவரோடை போகட்டும்,” என்றாள் அம்மா பிரான்சிஸ்கா.

இரண்டும் கொப்பி அளவு. இரண்டிலும் பெரியகடை வீதி. அதே கடைகள், அதே கழுதை. ஒன்று அப்பா கீறியது, மற்றது அதைப் பார்த்து அவரிடம் வேலை பழகிய கொலின்ஸ் கீறியது. கொலின்ஸ் கீறிய படம் தனக்குப் பிடித்துவிட்டால் அதிலும் அப்பா தன் பெயரையே எழுதிவிடுவார். இப்போது இரண்டிலும் ‘அமிர்தநாயகம்’.

பந்தலில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த கொலின்ஸிடம் கொண்டுபோனாள்.

“அண்ணை, எது அப்பான்ரை?”

அவன் ஒன்றை வாங்கிப் பார்த்தான். “இந்தக் கழுதை என்ரை மாதிரிக் கிடக்கு.” மற்றதையும் பார்த்தான். “இதுவும் என்ரைதான் போல.”

“பகிடி விடாதேங்கோ.”

“சத்தியமா விளங்கேல்லை, தங்கச்சி. மாஸ்டர் கீறேக்கை நான் பக்கத்திலை இருக்கேல்லையே. அது நான் வாறதுக்கு முந்தி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டத்தை எடுத்தான்.

அப்பா கீறிய அன்று அவளுக்கு ஆறு வயது. சிவப்புச் சட்டையோடு புடவைக்கடை மாடியில் நின்றாள். இரண்டு படத்திலும் அந்த இடத்தில் சிவப்பு இருந்தது. ஒன்றில் சிவப்புக்கு மேலே இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். மற்றதில் எதுவுமில்லை; காயப்போட்ட துணி மாதிரி.

கண்களுள்ளதைத் தனக்கென்று அலுமாரிக்குப் பின்னால் செருகினாள்.

“இதுதான் அம்மா, அப்பான்ரை.”

அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “ஓம். இஞ்சை நிக்கிறாய், பார். வெயிலுக்கை நிக்கமாட்டன் எண்டு அழுதுகொண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டாய். திரும்பினபடியே கீறிப்போட்டார், மனுசன்.”

அப்பாவின் கைகளுக்குக் கீழே அம்மாவே படத்தை வைத்தாள்.

“அம்மா...” என்றாள் நிறஞ்சலா.

“என்ன?”

பங்குச் சுவாமியார் செபத்தைத் தொடங்கினார். எல்லாரும் எழும்பினார்கள். பெட்டியை மூடினார்கள்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றாமல் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். இரண்டு புள்ளிகளையும் தொட்டு, பக்கவாட்டில் மிக மெல்லிய கோடொன்று போனது. வெளியே, முற்றத்துக் கொடியில், அப்பாவின் சாரம் இரண்டு கறுப்புக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.