சிவப்பு டேக்

முதல் ஷிப்ட் விட்டுக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து லீலா கூப்பிட்டாள். கம்பெனி கேட்டில் ஆண்களின் பையை நான் பார்ப்பேன், பெண்களின் பையை அவள் பார்ப்பாள். தெரிந்த முகம் என்று யாரையும் நான் விட்டதில்லை. டிபன் பாக்ஸைக் கூடத் திறக்கச் சொல்வேன். "ஜீவானந்தம் இருந்தா ஈ கூட பாஸ் எடுத்துக்கினுதான் வெளிய போவணும்" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

"அண்ணா, கொஞ்சம் இப்டி வாயேன். அண்ணி பையில ஒண்ணு கீது."

அண்ணி என்றால் என் மனைவி சசிரேகா. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பும் எங்கள் வல்லம் வடகால் கம்பெனியில் அவள் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். மேஜைமேல் அவளுடைய சாப்பாட்டுப் பை திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஜிப் கவர், அதில் சிவப்பு டேக் கட்டியிருந்தது. சசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேக் கம்பெனி சாமான்ணா. பாஸ் இல்லாம நான் எப்படி வுடுறது?" என்றாள் லீலா. கவருக்குள் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். மஞ்சள் மாத்திரைகள். ஒவ்வொன்றையும் தினம் காலையில் என் கையால் அட்டையிலிருந்து பிதுக்கி அவளிடம் கொடுத்திருந்தேன்.

லைனில் ஒரு பாகம் சரியில்லை என்றால் அதைக் குப்பையில் போடக்கூடாது. கவரில் போட்டுச் சிவப்பு டேக் கட்டி, கட்டங்களை நிரப்பித் தனியாக வைக்க வேண்டும். பதினோரு வருஷம் அதையே செய்தவளுக்கு மாத்திரையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, கை வரவில்லை. கட்டங்களை அவள் கையெழுத்தில் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். பாகம்: மாத்திரை. தேதி: எட்டு முதல். எண்ணிக்கை: இருபத்திரண்டு. காரணம்: விரல். கடைசியில் 'முடிவு' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தரம் பார்க்கும் குவாலிட்டிக்காரர்கள்தான் எழுதுவார்கள். அது காலியாக இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

போன வருஷம் அவளுக்கு இடது மார்பில் ஆபரேஷன். பிறகு கீமோ, ரேடியேஷன் கரண்ட் எல்லாம் முடிந்து, கட்டி திரும்ப வராமலிருக்கத் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு விடக்கூடாது என்று டாக்டர் கமலினி சொல்லியிருந்தார். அன்றைக்கே மாத்திரைக்கு நான் காவல்காரனாகிவிட்டேன். மூன்று மாதத்தில் அவளுக்கு விரல் மடங்காமல் போனது. காலையில் எழுந்தால் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கக்கூட முடியாமல்தான் அந்த வேலை எனக்கு வந்தது. திடீர் திடீரென்று உடம்பு முழுக்கத் தீயாய் எரிந்து வேர்க்கும். அதைத் தாங்கிக்கொண்டாள். ஆனால் லைனில் வயர் முனையைக் கனெக்டருக்குள் தள்ளினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். அந்த 'டிக்' அவளுக்கு வரவில்லை. மாதா மாதம் விரல் வேகத்துக்கு டெஸ்ட் வைப்பார்கள். ஒருமுறை கோட்டை விட்டாள். இன்னொரு முறை விட்டால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"இந்த மாத்திரையாலதான் விரலு இப்டி ஆவுதுன்னு தோணுதுயா" என்று ஒருநாள் சொன்னாள்.

"உயிரு பெருசா, விரலு பெருசா?" என்று கேட்டேன், பெரிய நியாயஸ்தன் மாதிரி. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "கேன்டீன்ல டிபன் சாப்ட்டு போட்டுக்கிறேன்" என்று கிளம்பிப் போவாள். ஊர்ப் பையை எல்லாம் குடைந்து பார்க்கிற நான், அதை நம்பினேன்.

லீலாவே சூப்பர்வைசரிடம் ஓடிப்போய் பாஸில் கையெழுத்து வாங்கி வந்தாள். சிவப்பு டேக் ஒன்று, திருப்பித் தர வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த பாஸ். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

வண்டி மண்ணூர் ரோட்டில் திரும்பியது. கன்டெய்னர் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனபிறகு பின் சீட்டிலிருந்து சசி சொன்னாள்: "நாளைக்கு டாக்டராண்ட காட்டலாம்னுதான் லாக்கர்லேர்ந்து எடுத்துக்கினு வந்தேன்."

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்னாண்ட சொன்னா என் வாயத் தொறந்து நீயே போட்டிருப்ப."

இருபத்திரண்டு நாளில் கட்டி எவ்வளவு வளரும் என்ற கேள்வி மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

மறுநாள் டாக்டர் மேஜையில் சசி கவரை வைத்தாள். வைத்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேக்கை மேலிருந்து கீழ்வரை படித்தார். திட்டப்போகிறார் என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

"நிறுத்தினதுக்கு அப்புறம் விரல் எப்படி இருக்கு?"

"ரெண்டு வாரம் கழிச்சு மடங்குச்சும்மா. இப்போ பரவால்ல."

"அப்ப மாத்திரையாலதான். என்கிட்ட வந்திருந்தா நானே மூணு வாரம் நிறுத்தச் சொல்லியிருப்பேன். கேக்காம நீங்களே நிறுத்தினது ஒண்ணுதான் தப்பு."

"திரும்பி வந்துடுமா டாக்டர்?" என்றேன்.

"மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது. இன்னும் மூணு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா நான் பயந்திருப்பேன்." சசியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க அஞ்சு வருசம் வுடக்கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்காக இந்த ஒரு மாத்திரையைக் கட்டிக்கிட்டு அழணும்னு சொன்னேனா? வேற இருக்கும்மா. ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு." பேனாவை எடுத்து டேக்கைத் தட்டினார். "இந்தக் கட்டம் யார் எழுதணும்?"

"குவாலிட்டி."

டாக்டர் சிரித்துவிட்டு 'முடிவு' என்ற இடத்தில் 'வேறு மாத்திரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "புதுசும் படுத்தலாம், படுத்தாமலும் போகலாம். படுத்தினா டேக் கட்டாதீங்க. எனக்கு ஃபோன் பண்ணுங்க."

மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது சசி அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "அன்னிக்கு நான் அப்டி கேட்டிருக்கக் கூடாது" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

டேக்கைத் திருப்பிக் கொடுத்துப் பாஸை முடித்தேன். டாக்டர் கையெழுத்தைப் பார்த்து லீலா, "இவங்க எந்த லைன் குவாலிட்டிணா?" என்று கேட்டாள். புதுசா வந்திருக்காங்க என்றேன்.

புது மாத்திரை ஆரம்பித்து இப்போது ஆறு வாரம் ஆகிறது. விரல் முழுசாகச் சரியாகவில்லை. எழுந்தவுடன் கால் மணி நேரம் வெந்நீரில் வைத்திருக்கிறாள். எரிச்சலும் வேர்வையும் போகவில்லை, லைனில் ஃபேனுக்கு அடியில் இடம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். டெஸ்டில் தேறிவிட்டாள், மயிரிழையில்.

இந்த மாத்திரையைச் சாப்பாடு முடிந்தவுடன் போட வேண்டும். இன்று காலை அவள் சாப்பிட்டு முடித்த இட்லித் தட்டை எடுத்து வைத்துவிட்டு வழக்கம்போல் அட்டையை எடுத்தேன். சசி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் அழுத்தினாள். முதல் தடவை வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். டிக் என்று கேட்டது.

தண்ணீர் குடித்து முடித்து, கேட்டில் பையை நீட்டுகிற மாதிரி, என் எதிரே வந்து வாயைத் திறந்து காட்டினாள். செக்யூரிட்டி வேலைக்கு வந்த பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒருவரைப் பார்க்காமலேயே போகச் சொல்லிக் கையை அசைத்தேன். அவள் போகவில்லை. கண்ணில் சிரிப்போடு, வாயை மூடாமல் அங்கேயே நின்றாள். குனிந்து பார்த்தேன். நாக்கைத் தூக்கியும் காட்டினாள். ஒன்றும் இல்லை.