எதிர் ஜன்னல்

கய்யூம் ராவுத்தர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது மலாய் நாட்டில் அந்தக் காஜா பேராங் தெருவுக்கே தெரிந்த சங்கதி. அவருக்கு மகள் நஜ்முன்னிசா என்றால் உயிர், பிடிவாதம்கூட அப்புறம்தான். மருமகன் ஷரீஃபுதீன் எலும்புருக்கி நோயில் மௌத்தானதும், மகள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கப் பின்னறையை அவரே ஒழித்துக் கொடுத்தார்.

இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அந்த அறைக்கு இருந்ததோ ஒரே ஜன்னல். சந்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே ஏகாம்பரம் செட்டியின் ஜன்னல். மனுஷன் பகல் முழுக்க அங்கேதான் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ராவுத்தர் விடுவாரா? பலகை வைத்து ஆணி அடித்தார், மேலே கோணிச் சாக்கையும் தொங்கவிட்டார்.

"புள்ள மூச்சு விட வேணாமா?" என்றாள் மனைவி பஷீரா.

"ஊர் வாய மூட உலைமூடி இருக்கா? நீ சும்மா இரு."

உள்ளே போன சோற்றுத் தட்டு அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. புருஷனை நினைத்துத்தான் பிள்ளை சாப்பிடவில்லை என்று ராவுத்தர் தன் துணிக்கடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் மருமகனுக்கு வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் கடைக்குத் துணி எடுக்க வந்தார்.

"மருமகனைக் கடைசி மட்டும் பாத்தது ஆர்?"

"எம் மகதான். பக்கத்துலயே படுத்துக் கெடந்தா."

"இப்ப வடிவா சாப்பிடுறாவோ?"

"எங்க டாக்டர்! ரெண்டு வாய் எறங்குனா பெரிசு. ஆனா பத்திரமா வெச்சிருக்கேன். ஒரு ஈ நுழையாது."

டாக்டர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "ராவுத்தர், அது மூச்சுக் காத்தில ஒட்டுற நோய். ஒட்டின எல்லாருக்கும் முத்துறதில்லை. நோயாளியோட கூடக் கிடந்து, சாப்பாடில்லாம மெலிஞ்சு, காத்தும் வெயிலும் இல்லாத அறையில அடைஞ்சு கிடந்தா, அப்பத்தான் பயம். உங்கட மகள் அப்பிடித்தானே இருக்கிறா?"

ராவுத்தர் எழுந்து நின்றுவிட்டார். "வந்திருச்சா டாக்டர்?"

"இருமல் இருக்கோ?"

"இல்ல."

"அப்ப இன்னும் நேரமிருக்கு. முதல்ல ஜன்னலைத் திறவுங்கோ."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். சந்தில் நின்று ஆணியில் கை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். எதிர் ஜன்னலில் ஏகாம்பரம். பெற்ற மகள் உயிர் ஒரு பக்கம், ஊர்ப் பேச்சு ஒரு பக்கம். பாவம், ஆணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்ன அபாங், முகம் செத்துக் கெடக்கு?" என்று ஏகாம்பரம் மலாயில் அண்ணன் முறை வைத்துக் கேட்டார். பல தலைமுறையாக அங்கேயே ஊறிப்போன செட்டிமார் வீட்டில் மலாய்தான் பேச்சு.

ராவுத்தர் எல்லாவற்றையும் கொட்டினார். நானே அவளை அடைத்துப் போட்டேனே என்று அழுதும் விட்டார். ஏகாம்பரம் வெற்றிலையைத் துப்பினார். எழுந்து உள்ளே போய்விட்டார். அட, இத்தனை வருஷம் பழகிய மனுஷன் ஓர் ஆறுதல்கூடச் சொல்லக் கூடாதா என்று ராவுத்தருக்குப் பொருமல்.

கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் தன் ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே?" என்று ராவுத்தர் கத்தினார்.

"எனக்கு வாசல் பக்கம் காத்து வரும், அங்க உக்காந்துக்குறேன். இத்தா முடியட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம். உன் பொண்ணு ஜன்னல நீ தொற."

கடைசிப் பலகையும் ஏறியதும் ஏகாம்பரத்தின் முகம் மறைந்தது. ராவுத்தர் தன் ஆணிகளைப் பிடுங்கினார். விரல் கிழிந்தது, கவனிக்கவில்லை. கோணியை இழுத்தெறிந்ததும் வெயில் பாய்ந்தது. உள்ளே மகள் கண் கூசி, கையால் முகத்தை மறைத்தாள். அந்தக் கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அப்போதுதான் அவர் பார்த்தார்.

அன்று மத்தியானம் பஷீரா தட்டை எடுக்கப் போனாள். காலித் தட்டோடு வந்தாள், சிரிப்பும் அழுகையுமாக.

"இன்னும் கொஞ்சம் சோறு கேக்குறாங்க உங்க மக."